நான்கு நிமிடம் பத்தொன்பது நொடி

மூன்று நாளாக உலர வைத்திருந்த ஃபோனைத் திருப்பியபோது அதிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது.

மேஜைமேல் விரித்திருந்த நீல ரப்பர் விரிப்பில் விழுந்து, சிதறாமல், கோலிக்குண்டு மாதிரி நின்றது. டாக்டர் இடுக்கியைக் கீழே வைத்துவிட்டு அதையே பார்த்தான். பேட்டரியைக் கழற்றி, போர்டை ஆல்கஹாலில் கழுவி, பழைய பல் பிரஷ்ஷால் மூலை முடுக்கெல்லாம் தேய்த்து, சூடான காற்றைக் காட்டி, ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களோடு டப்பாவில் போட்டு இறுக மூடி வைத்திருந்த ஃபோன் அது. அதற்குள் தண்ணீர் இருக்க வழியே இல்லை. வெளியில் மட்டும் எங்கே இருக்கிறது? மழை பெய்து ஏழு வாரம் ஆகிவிட்டது. தெருவில் தார் இளகி செருப்போடு ஒட்டிக்கொள்கிறது. தலைக்கு மேல் சுற்றும் ஃபேன் கூரையிலிருந்து சூட்டை அள்ளி அள்ளிக் கீழே கொட்டுவதைத் தவிர வேறெதுவும் செய்வதில்லை.

விரலால் தொட்டான். ஜில்லென்று இருந்தது. விரலை மூக்கருகே கொண்டுபோனான். நனைந்த சிமெண்ட், துருப்பிடித்த இரும்பு, வெளிச்சமே படாத பாசி, எல்லாம் கலந்த வாசனை. மூடிக் கிடக்கும் தொட்டியின் வாசனை. அவனுக்கு அது தெரியும். விரிப்பைத் துடைத்தான், தேவைக்கு மேல் நான்கு தடவை துடைத்தான், துடைத்த துணியைக் குப்பையில் போட்டான்.

டாக்டர் என்பது பட்டப்பெயர்தான். மூக்குக்கண்ணாடிக் கடைக்கும் சாவி செய்பவர் கடைக்கும் நடுவில், இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் மூச்சை இழுத்துப் பிடிக்க வேண்டிய அகலத்தில் அவன் கடை. பின்னால் ஒரு கட்டில் போடும் அளவுக்கு அறை, அதுதான் வீடு. தண்ணீரில் விழுந்த ஃபோன், காப்பி கவிழ்ந்த லேப்டாப், குழந்தை குளிப்பாட்டிய ரிமோட் எல்லாம் அவனிடம்தான் வரும். கழிப்பறையில் விழுந்ததைச் சொல்லக் கூச்சப்பட்டு, பெய்யாத மழையின் மேல் பழியைப் போடுகிறவர்களும் வருவார்கள். அரிசி மூட்டைக்குள் ஃபோனைப் புதைத்து வைத்தவர்கள், நாங்களே பாதி வைத்தியம் பார்த்துவிட்டோம் என்ற பெருமையோடு வருவார்கள். சார்ஜ் போடும் துளையிலிருந்து அரிசியை நோண்டி எடுப்பதிலேயே அவனுக்கு அரைமணி நேரம் போய்விடும்.

எல்லோரிடமும் அவன் கேட்பது ஒரே கேள்விதான். "ஆன் பண்ணிப் பாத்தீங்களா?"

இல்லவே இல்லை என்பார்கள். அத்தனை பேரும் ஆன் பண்ணிப் பார்த்திருப்பார்கள். "தண்ணி கொல்லாதுங்க. ஈரத்தோட கரண்ட் ஏத்துறதுதான் கொல்லும்" என்று அவன் விளக்குவான். ஃபோனைப் பிரித்ததும் உள்ளே ஒட்டியிருக்கும் பொட்டு அளவு வெள்ளை ஸ்டிக்கரைக் காட்டுவான். தண்ணீர் பட்டால் அது சிவப்பாகிவிடும், பிறகு எவ்வளவு காயவைத்தாலும் வெள்ளையாகாது. வாய் பொய் சொன்னாலும் இது சொல்லாது என்று சிரிப்பான்.

சிரிக்கிறவன் யோக்கியனா என்றால், இல்லை. அதைத்தான் சொல்லப்போகிறேன்.

அன்று மதியம், சொட்டு விழுந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, தையல்காரர் வந்தார். டாக்டருடைய அண்ணியின் அப்பா. மாதத்தில் முதல் திங்கட்கிழமை தவறாமல் வருவார். தானே தைத்த சின்னத் துணிப் பையிலிருந்து மகளின் ஃபோனை எடுத்து மேஜைமேல் வைப்பார். பேப்பர்வெயிட்டுக்குக்கூட ஆகாத செத்த ஃபோன்.

"புதுசா ஏதாச்சும் மிஷின் வந்திருக்கா தம்பி?"

"இல்ல மாமா. வந்தா நானே சொல்லி அனுப்புறேன்."

அவர் தலையாட்டுவார். ஃபோனைப் பைக்குள் வைத்து நாடாவை முடிச்சுப் போடுவார். அன்றைக்கு முடிச்சுப் போடும்போது கை நின்றது. பையின் அடிப்பக்கம் ஈரமாக இருந்தது. வழியில் எங்கேயோ நனைந்துவிட்டது போலிருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, கொளுத்தும் வெயிலில் இறங்கிப் போனார்.

அண்ணி இறந்து ஒரு வருஷமும் இரண்டு மாதமும் ஆகிறது. அண்ணன் வீட்டுப் பின்பக்கத்தில் தரைக்குக் கீழே தண்ணீர்த் தொட்டி. மேலே இரும்பு மூடி, ஒரு ஆள் மூச்சுப் பிடித்துத் தள்ளினால்தான் நகரும். தொட்டிக்குள் மோட்டார் குழாயைப் பார்க்க இறங்கியவள் வழுக்கி விழுந்துவிட்டாள், தான் வந்து பார்த்தபோது மூடி திறந்தே கிடந்தது என்று அண்ணன் சொன்னான். போலீஸ் எழுதிக்கொண்டது. ஊர் உச்சுக் கொட்டியது. தையல்காரர் மட்டும் மகளின் விறைத்த விரல்களிலிருந்து ஃபோனைப் பிரித்தெடுத்து, நேரே டாக்டரிடம் கொண்டுவந்தார். கடைசியா யார்கூடப் பேசினா, என்ன பேசினா, அது தெரிஞ்சா போதும் தம்பி என்றார்.

டாக்டர் அதை எடுத்துவிட்டான். இரண்டே நாள். கைராசிக்காரன் இல்லையா? திரை ஒளிர்ந்தது. பிழைத்த ஃபோன் எதுவானாலும், ஸ்பீக்கர் வேலை செய்கிறதா என்று பார்க்க அதில் கடைசியாகப் பதிவான ஒலியைப் போட்டுக் கேட்பது அவன் வழக்கம். போட்டான். அப்பாவுக்கு அண்ணி பேசி வைத்த செய்தி. தொட்டிக்குள் டவர் கிடைக்காமல் போகாமலே நின்றுவிட்டது. நான்கு நிமிடம் பத்தொன்பது நொடி. அத்தனையையும் கேட்டான்.

அப்பா அம்மா இல்லாத வீட்டில் அவனைத் தோளில் தூக்கி வளர்த்தவன் அண்ணன். பள்ளிக்கூடத்தில் அவனை அடித்தவனின் மூக்கை உடைத்தவன் அண்ணன். கடையில் போர்டைப் பார்க்கும் மைக்ரோஸ்கோப்பைத் தோளில் சுமந்து கொண்டுவந்து வைத்தவனும் அண்ணன்தான். டாக்டர் தண்ணீர் பாட்டிலைத் திறந்தான். ஒரு மூடி தண்ணீரைப் போர்டின் மேல் ஊற்றினான். கரண்ட் அளந்து கொடுக்கும் பவர் சப்ளையின் சிவப்புக் கிளிப்பையும் கறுப்புக் கிளிப்பையும் மாட்டி, குமிழைக் கடைசி வரை திருகினான். சுருக்கென்று ஒரு சத்தம், நகம் கருகின மாதிரி ஒரு நாற்றம். யாருக்கும் தெரியாத கொலை. செய்யக் கூடாது என்று ஊருக்கெல்லாம் சொல்லிக் கொடுக்கிற அதே காரியம்.

போர்டு போயிடுச்சு மாமா என்றான். அண்ணனிடமும் அதையே சொன்னான். அண்ணன் எதுவும் கேட்கவில்லை, தோளில் இரண்டு தட்டுத் தட்டினான். அந்த வாரமே டாக்டர் அண்ணன் வீட்டிலிருந்து கடையின் பின்னறைக்குக் குடிவந்தான்.

மறுநாள் காலை அலமாரியில் விற்பனைக்கு வைத்திருந்த புது ஃபோன்களில் ஒன்றை வாடிக்கையாளருக்குப் பிரித்துக் காட்டினான். சிம் போடும் துளைக்குள் தெரிந்த ஸ்டிக்கர் சிவப்பு. வந்தவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு போய்விட்டார். டாக்டர் அடுத்ததைப் பிரித்தான். சிவப்பு. அதற்கடுத்ததும். பதினோரு ஃபோன், சீல் உடைக்காத பெட்டிகள், பதினோரு சிவப்புப் பொட்டு. பெட்டிகளை மூடி அலமாரியின் அடித்தட்டில் தள்ளினான். சரக்கு அனுப்பியவன் ஏமாற்றிவிட்டான் என்று வாய்விட்டுத் திட்டினான். திட்டுவது உதவியாக இருந்தது.

பதினோரு மணி வாக்கில் டீச்சர் வந்தாள். அண்ணனுக்கு நிச்சயமாகியிருக்கும் பெண். கல்யாணத்துக்கு இன்னும் ஒன்பது நாள். சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பவள் என்பதால் பேச்சே பொறுமையாக, ஒவ்வொரு சொல்லாக இறங்கும். கைக்குட்டையில் சுற்றியிருந்த ஃபோனை எடுத்து வைத்தாள். கைக்குட்டையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

முந்தின நாள் அண்ணன் வீட்டைப் பார்க்கப் போயிருந்தார்களாம். பின்பக்கம் நின்று பேசும்போது ஃபோனைத் தொட்டி மூடிமேல் வைத்தாளாம். வெயிலில் காய்ந்து கை வைக்க முடியாத அளவுக்குச் சுட்ட மூடி. திரும்பி வந்து எடுத்தால் ஊறப்போட்ட மாதிரி இருக்கிறது. சொல்லிவிட்டு, நான் பொய் சொல்லவில்லை என்பது போல அவனைப் பார்த்தாள். முதல் தடவையாக ஒரு வாடிக்கையாளரை டாக்டர் முழுசாக நம்பினான்.

"பிள்ளைங்க பாடின பாட்டு ஒண்ணு அதுல இருக்கு. வேற எது போனாலும் பரவாயில்ல."

"ஆன் பண்ணிப் பாத்தீங்களா?"

"இல்ல." கொஞ்சம் தயங்கினாள். "உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். அக்கா எப்படி இருந்தாங்க?"

அக்கா என்று அவள் சொன்னது அண்ணியை. டாக்டர் திருகாணிகளை எண்ணுவது போலக் குனிந்துகொண்டான். நல்லவங்க என்றான். எவ்வளவு சின்னச் சொல். 'டாக்டர்' என்ற பட்டத்தை வைத்ததே அண்ணிதான். வாளிக்குள் விழுந்த அவள் ரேடியோவைப் பதினாறு வயதில் அவன் பிழைக்கவைத்தபோது, வாங்க டாக்டரே, சாப்பிட வாங்க டாக்டரே என்று நாள் முழுக்கக் கூப்பிட்டுக் கேலி செய்தாள். தெருவே பிடித்துக்கொண்டது.

"அவங்களப் பத்திப் பேச்செடுத்தாலே அவருக்குக் கோவம் வருது." டீச்சர் புடவைத் தலைப்பை இழுத்து மணிக்கட்டை மூடிக்கொண்டாள். மூடுவதற்குள் அவன் பார்த்துவிட்டான். நான்கு விரல் தடம். "நான் பயப்படுற மாதிரி எதுவும் இருக்கா? நீங்க இல்லன்னு சொன்னா நம்பிடுவேன்."

கடைக்குள் எங்கேயோ தண்ணீர் சொட்டுகிற சத்தம். ஒன்று. இடைவெளி. இன்னொன்று.

"அண்ணன் தங்கமானவர் டீச்சர்" என்றான். அவள் சிரிக்க முயன்று, நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் ஃபோனைப் பிரித்தபோது உள்ளே நிறையத் தண்ணீர் இருந்தது. அவ்வளவு தண்ணீருக்கு அதில் இடம் கிடையாது. விரிப்பில் கொட்டிக்கொண்டே இருந்தது, தட்டு வைத்துப் பிடிக்க வேண்டியிருந்தது. அதே வாசனை. பேட்டரி இணைப்பைச் சுற்றி ஒரு முடி, இடுக்கியால் இழுக்க இழுக்க வந்தது, முழம் போட்டால் மூன்று முழம் தேறும். டீச்சருக்குத் தோள் வரைதான் முடி. அண்ணி தலை அசைத்தால் பின்னல் இடுப்பில் மோதும். டாக்டர் முடியை விளக்குச் சுடரில் காட்டினான். அது எரியவில்லை, ஈரமாக இருந்தது.

வேலை செய்ய ஆரம்பித்ததும் கை பழக்கத்துக்கு வந்துவிட்டது. கழுவினான், தேய்த்தான், சூடு காட்டினான். மைக்ரோஸ்கோப்பின் வட்டத்துக்குள் போர்டு ஒரு சின்ன ஊர் மாதிரி தெரிந்தது. அந்த ஊரில் எங்கேயும் பச்சை பூக்கவில்லை, உப்பு படியவில்லை. இவ்வளவு தண்ணீர் குடித்த போர்டு இத்தனை சுத்தமாக இருந்து அவன் பார்த்ததில்லை. கிளிப்பை மாட்டி, மெதுவாக, சரியான அளவுக்கு மட்டும் கரண்ட் கொடுத்தான். திரை ஒளிர்ந்தது. பிள்ளைகள் பாடின பாட்டு என்று டீச்சர் சொன்னாளே, அதைத்தான் தேடினான். பதிவு ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

நீளம், நான்கு நிமிடம் பத்தொன்பது நொடி.

கை தானாக அழுத்திவிட்டது. பழக்க தோஷம். மேலேயிருந்து தண்ணீர் கொட்டுகிற சத்தம், மூடிய இடத்தில் எதிரொலிக்கிற சத்தம், கடையை நிறைத்தது. அதற்குள் ஒரு மூச்சு. குளிரில் பல் கிட்டித்த மூச்சு.

"அப்பா. அப்பா, நான்தான்…"

நிறுத்தினான்.

இப்போது அவன் முன்னால் இரண்டு வழி இருந்தது, அவனுக்கும் அது தெரிந்தது. எழுந்து, இந்த ஃபோனைப் பையில் போட்டுக்கொண்டு, நான்கு தெரு தள்ளியிருக்கும் பள்ளிக்கூடத்துக்குப் போய் அந்தப் பெண்ணிடம் கொடுக்கலாம். தையல்காரரின் கையில் கொடுத்துக் காலில் விழலாம். ஒரு உயிரைத்தான் விட்டுவிட்டான், இன்னொன்றாவது மிஞ்சும். எழுந்தேவிட்டான். அப்போது அவனுடைய ஃபோன் அடித்தது.

அண்ணன். டீச்சருடைய ஃபோனைச் சரிசெய்ய அவசரப்பட வேண்டாம் என்றான். ஒரு மாதம் ஆகும் என்று சொல்லு, நாள் முழுக்க அவள் அம்மாவோடு பேச்சுதான், கல்யாணம் முடியட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றான். குரல் ரொம்பச் சாதாரணமாக, பாசமாகக்கூட இருந்தது. கடைசியில் கேட்டான்.

"அதுல ஒண்ணும் இல்லையே?"

"ஒண்ணும் இல்லண்ணே."

உட்கார்ந்தான். பாட்டிலைத் திறந்தான். ஒரு மூடி. சிவப்பு, கறுப்பு. குமிழைத் திருகினான். சுருக். நகம் கருகும் நாற்றம். போன தடவை கை நடுங்கியது, இந்தத் தடவை நடுங்கக்கூட இல்லை. அதுதான் அவன் செய்த பெரிய தப்பு என்று எனக்குத் தோன்றுகிறது.

திரை இருண்டது. கருப்புக் கண்ணாடியில் அவன் முகம் தெரிந்தது. முகத்துக்குப் பின்னால், அவன் தோளுக்கு மேலே, நெற்றியோடு ஒட்டிய ஈரக் கூந்தல் தெரிந்தது. திரும்பினான். ஸ்டூல். அலமாரி. வெயில் அடிக்கும் வாசல். தரையில், ஸ்டூலுக்குப் பக்கத்தில், இரண்டு ஈரக் காலடி. விரல்கள் அவன் பக்கம் பார்த்திருந்தன.

அன்று அவனுக்குத் தாகம் எடுத்தது. பாட்டிலைக் காலி செய்தான், குடத்தைக் காலி செய்தான், சாவிக்காரரிடம் கடன் வாங்கிக் குடித்தான். குடித்தது எங்கே போகிறது என்று தெரியவில்லை. வியர்க்கவுமில்லை, சிறுநீரும் போகவில்லை. படுக்கையில் புரண்டபோது வயிற்றுக்குள் தண்ணீர் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குச் சாய்வது, பாதி நிறைந்த தொட்டியில் அலை மோதுவது போலக் காதுக்குக் கேட்டது.

காலையில் விரல் நுனிகள் சுருங்கியிருந்தன. துணி துவைத்த கை மாதிரி, வெளுத்து, வரிவரியாக. நகக்கண்களில் வெள்ளையாக என்னவோ படிந்திருந்தது, சுரண்டினால் பொடியாக உதிர்ந்தது. முட்டியின் மடிப்பில், மணிக்கட்டின் மடிப்பில், இளம்பச்சை. ஈரத்தில் கெட்ட போர்டில் எத்தனையோ தடவை பார்த்த பச்சை. பிரஷ்ஷை ஆல்கஹாலில் முக்கித் தேய்த்தான். வலித்தது. போகவில்லை.

கண்ணாடிக்கடைக்காரர் அவனைப் பார்த்ததும் பேசாமல் ஒரு கைக்கண்ணாடியை நீட்டினார். வாங்கிப் பார்த்தான். கண்ணின் வெள்ளை வெள்ளையாக இல்லை. நரம்பு சிவந்திருந்தால் பரவாயில்லை. இது அப்படியில்லை. ஓரம் முதல் ஓரம் வரை, ஒரே சீராக, சிவப்பு.

காயவைத்தாலும் மாறாத சிவப்பு.

டாக்டரிடம் போங்க டாக்டர் என்றார் கண்ணாடிக்கடைக்காரர், பாவம், சிரிக்காமலே. மதியம் போகிறேன் என்றான். போயிருக்கலாம். ஆனால் பன்னிரண்டு மணிக்கு அண்ணனும் டீச்சரும் வந்துவிட்டார்கள்.

உச்சி வெயில். தெருவில் ஆள் இல்லை. அண்ணன் முதலில் உள்ளே வந்து, வழக்கம் போல மேஜைமேல் சாய்ந்து நின்றான். டீச்சர் வாசற்படியிலேயே நின்றுகொண்டாள், கையில் ரசீது. முழுக்கை ரவிக்கை போட்டிருந்தாள், இந்த வெயிலில்.

"என்னடா ஆச்சு அது?" என்றான் அண்ணன், கண்ணடித்துக்கொண்டு.

போர்டு போயிடுச்சு. இரண்டே சொல். பதினான்கு மாதமாகப் பழகின சொல். டாக்டர் வாயைத் திறந்தான்.

தண்ணீர் வந்தது.

வாந்தி இல்லை. குமட்டல் இல்லை. குழாயைத் திறந்தால் வருவது போல அமைதியாக, ஜில்லென்று, வாய் நிறைய வந்து சட்டையில் இறங்கியது. நாற்காலியில் சரிந்தான். கை தூக்கப் பார்த்தான். வரவில்லை. கால் வரவில்லை. கண் மட்டும் நகர்ந்தது. அண்ணன் பின்வாங்குவது தெரிந்தது. டீச்சர் ரசீதைக் கீழே போட்டது தெரிந்தது.

பின்னாலிருந்து இரண்டு கை வந்தன.

ஊறி உப்பி, தோல் சுருங்கிய கை. பாசி படிந்த வளையல். அவசரமே இல்லை. மேஜையிலிருந்து சிவப்புக் கிளிப்பை எடுத்து அவனுடைய வலது மணிக்கட்டில் கவ்வவிட்டன. கறுப்பை இடதில். தெரிந்த வேலை, ஸ்டூல் போட்டு உட்கார்ந்து எத்தனை மாலை வேடிக்கை பார்த்திருக்கிறாள். ஈர விரல் குமிழைத் தொட்டது.

காதருகே குளிர்ந்த மூச்சு.

"ஸ்பீக்கர் வேலை செய்யுதான்னு பாக்கணும், டாக்டரே."

பவர் சப்ளையில் எண் ஏறியது. ஒன்று. மூன்று. ஏழு. பல்லுக்கடியில் கரண்ட் இறங்கியது, முதுகெலும்பில் ஓடியது, கட்டை விரல் நுனியில் வெடித்தது. கத்த வேண்டும். தாடை தானாகத் திறந்தது. முழுசாக. இன்னும் முழுசாக.

அவன் கத்தவில்லை. அவன் தொண்டையிலிருந்து தண்ணீர் கொட்டுகிற சத்தம் வந்தது. மூடிய இடத்தில் எதிரொலிக்கிற சத்தம். பிறகு அண்ணியின் குரல்.

"அப்பா. அப்பா, நான்தான். அவர் மூடிட்டார். குழாயத் தெறந்து விட்டிருக்கார். தண்ணி நெஞ்சு வரைக்கும் வந்துடுச்சு."

இரும்பில் கை தட்டுகிற சத்தம். மூன்று தட்டு. அதுவும் அவன் வாயிலிருந்துதான். அப்புறம் மேலேயிருந்து, மூடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, ஒரு ஆண் குரல். கடையில் நிற்கிறவனின் குரல்.

"அங்கயே கெட. வாய் ஓயுற வரைக்கும் கெட."

டீச்சர் அண்ணனைப் பார்த்தாள். மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். ஓர் அடி பின்னால் வைத்தாள். படியிறங்கி வெயிலுக்குள் போனாள். நல்ல வேளை. அவள் கால் தெருவில் பட்டதுதான் தாமதம், கடையின் இரும்பு ஷட்டர் கீழே இறங்கியது. மெல்ல. கரகரவென்று. கனமான மூடியை யாரோ மூச்சுப் பிடித்துத் தள்ளுவது போல.

அண்ணன் பாய்ந்தான். எட்டவில்லை. வெயில் ஒரு கோடாக ஒடுங்கி, நின்று, அணைந்தது.

இருட்டு. நனைந்த சிமெண்ட், துரு, பாசி. அண்ணனின் செருப்பு தண்ணீரில் சளப்பென்றது. கணுக்கால். அண்ணன் ஷட்டரைத் தூக்கப் பார்த்தான், உதைத்தான். டேய், டேய் என்றான். முட்டி. டாக்டருக்குக் கேட்டது, தெரிந்தது, எதுவும் செய்ய முடியவில்லை. அவன் வாய் பேசிக்கொண்டிருந்தது. பதினான்கு மாதமாக எந்த இடத்தை மட்டும் நினைக்காமல் தப்பித்து வந்தானோ, அந்த இடம் வந்துவிட்டது.

"இங்க டவர் இல்லப்பா. இது போகாது. ஃபோன் தண்ணியில விழுந்துடும். விழுந்தா கவலப்படாதீங்க. நம்ம டாக்டர்கிட்ட குடுங்க. அவன் எடுத்துக் குடுத்துடுவான். அவன் எனக்குப் புள்ள மாதிரிப்பா."

இடுப்பு. நெஞ்சு. பவர் சப்ளையின் சிவப்பு எண்கள் தண்ணீருக்கடியிலும் எரிந்தன, அந்த வெளிச்சத்தில் அண்ணனின் தலை கூரையை நோக்கி ஏறுவது தெரிந்தது. தண்ணீர் டாக்டரின் உதட்டுக்கு மேல், மூக்குக்கு மேல், சிவந்த கண்களுக்கு மேல் ஏறியது. ஆனால் தண்ணீர் கொல்லாது. அதை அவனே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறான். குமிழின் மேல் அந்தக் கை இருந்தது. அவனைப் போல அவளுக்குக் கடைசி வரை திருகும் அவசரம் இல்லை. சரியான அளவுக்கு மட்டும் வைத்திருந்தாள்.

நான்கு நிமிடம் பதினேழு. பதினெட்டு. பத்தொன்பது.

மேலே அண்ணன் ஷட்டரைத் தட்டினான். மூன்று தட்டு. ஈர விரல் டாக்டரின் உதட்டைத் தொட்டு, பொத்தானை அழுத்துவது போல மென்மையாக அழுத்தியது, அவன் வாய் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தது.

"அப்பா. அப்பா, நான்தான்."